மூன்றாம் வகுப்புப் பெண்கள்: ஒரு கடிதம்

அண்ணா, லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (ஆம்/இல்லை விடையின் நிகழ்தகவைக் கணிக்கும் முறை) பழக டைட்டானிக் தரவை எடுத்தேன். யார் பிழைத்தார்கள் என்று பாலினத்துக்கு ஒரு படம், வகுப்புக்கு ஒரு படம் வரைந்தேன். பிறகு இரண்டுக்கும் இடைவினை (ஒன்றின் விளைவு மற்றதைப் பொறுத்து மாறுவது) சேர்த்தால் 'பெண்' என்பதன் கெழு 4.2 வருகிறது, நண்பனுக்கோ 1.4. எது சரி? படம் வரைய எந்த பேக்கேஜ் நல்லது?

தம்பி,

இரண்டுமே சரி. நீ முதல் வகுப்பை அடிப்படையாக வைத்திருக்கிறாய், அவன் மூன்றாம் வகுப்பை. இடைவினை உள்ளே வந்துவிட்டால் அந்தக் கெழு எல்லாப் பெண்களுக்கும் பொதுவானதல்ல, அடிப்படை வகுப்பில் மட்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம். பேக்கேஜ் எதுவானாலும் பரவாயில்லை, ஆர் (R) மென்பொருளில் ஜான் ஃபாக்ஸின் 'எஃபெக்ட்ஸ்' போதும்.

என்னால் விட முடியாதது உன் முதல் படம். பெண்கள் 73%, ஆண்கள் 21% என்று இரண்டு கம்பிகள். அந்த 73 யாருடையது? சிறுமிகளையும் சேர்த்து முதல் வகுப்பில் 145 பேரில் 141 பேர் பிழைத்தார்கள், இரண்டாம் வகுப்பில் 106 பேரில் 93. மூன்றாம் வகுப்பில் 196 பேர் இருந்தார்கள், பிழைத்தவர்கள் 90 பேர்தான். செத்துப்போன 106 பேரை உன் சராசரி விழுங்கிவிட்டது, நீ அதற்கு அழகாக நீல வண்ணம் அடித்து அனுப்பியிருக்கிறாய்! இடைவினை இருக்கிறது என்று தெரிந்த பிறகும் பாலினத்தை மட்டும் காட்டும் தனிவிளைவுப் படத்தை முன்னால் வைக்காதே.

எனக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்த அம்மா, வரைபடத் தாளில் ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே எத்தனை பேர் என்று எழுதாவிட்டால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்போது எரிச்சலாக இருக்கும். இப்போது உன் 4.2-ஐப் பார். அதை ஆட்ஸ் விகிதமாக்கினால், அதாவது பிழைத்தவர்களை இறந்தவர்களால் வகுத்த ஆட்ஸில் பெண்ணுடையது ஆணுடையதைப் போல் எத்தனை மடங்கு என்று பார்த்தால், 67, கேட்கவே பிரமாதமாக இருக்கிறது, ஆனால் முதல் வகுப்பில் இறந்த பெண்கள் வெறும் 4 பேர், அந்த நான்கு பேர் மேல்தான் மொத்த எண்ணும் நிற்கிறது, அதனால்தான் அதன் 95% நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) ஏறத்தாழ 24-இலிருந்து 190 வரை ஓடுகிறது. கெழு அட்டவணையை மட்டும் பார்க்கிறவனுக்கு இது உறைக்காது.

இன்னொன்று. ஆட்ஸில் பார்த்தால் ஆண்-பெண் வித்தியாசம் முதல் வகுப்பில்தான் பெரிது: அங்கே 67 மடங்கு, இரண்டாம் வகுப்பில் 44. நிகழ்தகவில் பார், தலைகீழ்! முதல் வகுப்பில் பெண்களின் 97%-க்கும் ஆண்களின் 34%-க்கும் இடையே 63 புள்ளி, இரண்டாம் வகுப்பில் 88-க்கும் 14-க்கும் இடையே 74. லாஜிஸ்டிக் வளைவு இரண்டு ஓரத்திலும் படுத்துவிடுகிறது, 97-ஐத் தொட்ட பிறகு ஏற இடமேது? ஆகவே இடைவினை பெரிதா சிறிதா என்று கேட்பதற்கு முன் எந்த அளவுகோலில் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவது சோம்பேறித்தனம், உனக்கு அது வேண்டாம்.

சரி, இப்படி வரை. கிடையச்சில் வகுப்பு, நெட்டச்சில் பிழைக்கும் நிகழ்தகவு, ஆணுக்கு ஒரு கோடு, பெண்ணுக்கு ஒரு கோடு. நம்பக இடைவெளியை லாக் ஆட்ஸில் (ஆட்ஸின் மடக்கையில்) கணக்கிட்டு அப்புறம் நிகழ்தகவுக்கு மாற்று, இல்லையென்றால் பட்டை 100%-ஐத் தாண்டி நிற்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே ஆள் எண்ணிக்கை. வரைந்ததும் அனுப்பு, நிறத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.