வீசியெறிவதா? வட்டி சேர்ப்பதா?

கேள்வி: நட்சத்திரம் வெடிக்கும்போது காஸ்மிக் கதிர்களை வீசியெறிகிறதாமே! தனுஷ்கோடியில் நிற்கும் என் மேலும் விழுமா? (வாசகர், மண்டபம்)

பதில்: விழும். உள்ளங்கையை வானம் பார்க்க விரியுங்கள்: நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு மியூவான்கள் (எலக்ட்ரானின் கனமான உறவுக்காரத் துகள்கள்) அதைத் துளைத்துப் போகும். விண்வெளியிலிருந்து வந்த புரோட்டான் (அணுக்கருவில் இருக்கும் நேர்மின் துகள்) சுமார் 15 கி.மீ. உயரத்தில் காற்றணுவில் மோதியதும் பிறப்பது பையான் என்ற அற்பாயுள் துகள். அதன் பிள்ளை மியூவான். ஆக, உங்கள் கையில் விழுவது பேரப்பிள்ளை.

'கதிர்' என்ற சொல்லோடு எனக்குப் பழைய சண்டை. ஒளி இனத்தைச் சேர்ந்த காமா கதிர் என்று நம்பி 1925இல் அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன் வைத்த பெயர் அது. வருபவற்றில் பத்துக்கு ஒன்பது புரோட்டான்கள். நூறாண்டு ஆகியும் நாம் 'கதிர்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அதைவிடத் தப்பு, உங்கள் 'வீசியெறிகிறது'. வீச்சுவலையை ஒரே சுழற்றில் எறிகிற கதையல்ல இது. வெடித்த நட்சத்திரத்தின் சிதறல் நொடிக்கு ஆயிரக்கணக்கான கி.மீ. வேகத்தில் பாய, அதற்கு முன்னால் ஓர் அதிர்ச்சியலை ஓடும். அலையின் இரு புறமும் காந்தப்புலம் கலங்கிக் கிடக்கும். புரோட்டான் அலையைத் தாண்டும், காந்தப்புலம் திருப்பிவிடும், மறுபடி தாண்டும். எதிரே வரும் மட்டையில் பட்ட பந்து வேகம் கூடித் திரும்புமே, அதேதான். ஒரு சுற்றுக்கு 1 சதவீத அளவில் ஆற்றல் கூடும். இது கூட்டுவட்டி ஐயா! 70 சுற்றில் இரட்டிப்பு. 1,400 சுற்றில் பத்து லட்சம் மடங்கு. சுற்றுக்குச் சில துகள்கள் அலைக்குப் பின்னால் அடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாமலே போகும். அதனால்தான் ஆற்றல் ஏற ஏற எண்ணிக்கை சரிகிறது.

வழியெல்லாம் காந்தப்புலத்தில் வளைந்து வருவதால், வந்த திசையை வைத்துப் புரோட்டானின் ஊரைச் சொல்ல முடியாது. மின்னூட்டம் இல்லாத காமா கதிர் வளையாது. 2013இல் ஃபெர்மி விண்தொலைநோக்கி ஐசி 443, டபிள்யூ 44 என்ற இரு வெடிப்பு எச்சங்களில், புரோட்டான் மோதலில் பிறக்கும் காமா கதிரின் அடையாளத்தைப் பிடித்தது.

சூரியனிலிருந்தும் துகள் வரும். ஆனால் உங்கள் கரைக்கு அது அபூர்வம். புவியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக ஓடும் புவிகாந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. குறுக்கே கிடக்கும் அந்தப் புலத்தை மீறி இங்கே செங்குத்தாக இறங்கப் புரோட்டானுக்குச் சுமார் 17 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். சூரியத் துகள்களில் பெரும்பாலானவற்றுக்கு அவ்வளவு தெம்பில்லை. நேர்மின் துகள்களுக்கு மேற்கு வாசல் கொஞ்சம் தாராளம்: அந்தப் பக்கமிருந்து வந்தால் குறைந்த ஆற்றலே போதும். தனுஷ்கோடியில் மியூவான் எண்ணும் கருவியை 45 டிகிரி சாய்த்து வையுங்கள்: மேற்கே கீழக்கரைப் பக்கம் எண்ணிக்கை கூடும், கிழக்கே தலைமன்னார் பக்கம் குறையும்.