பழைய டாடா 207 பிக்கப்ல மஹிந்திரா டிஐ இன்ஜின் மாத்தி வைக்க முடியுமா?

முடியும் ண்ணே, ஆனா நீங்க கேட்ட மாதிரி இன்ஜினை மட்டும் தூக்கி வச்சா வேலை முடியாது. டாடாவோட 2956 சிசி இன்ஜினுக்கும் மஹிந்திராவோட 2523 சிசிக்கும் பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்குற கூடு) போல்ட் ஓட்டையே சேராது, லேத்துல ரெண்டுக்கும் நடுவுல வைக்க அடாப்டர் பிளேட் கடைஞ்சு போடணும், அது கொஞ்சம் சென்டர் விலகுனாலும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங் சீக்கிரமே சத்தம் போட ஆரம்பிச்சிரும். அதனால இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்த செட்டா வாங்குங்க, அப்ப கியர்பாக்ஸ்ல இருந்து பின் ஆக்சிலுக்குப் போற புரொப்பல்லர் ஷாஃப்டை அளவுக்கு வெட்டி பேலன்ஸ் பண்ணணும், மவுண்டிங்கும் புதுசா வெல்டு பண்ணணும்.

எனக்குப் பயமே பிரேக்ல தான். டீசல் வண்டில பெடலை லேசாக்குற பிரேக் பூஸ்டருக்கு, காத்தை உறிஞ்சுற வாக்குவம் பம்ப் வேணும், நிறைய இன்ஜின்ல அது ஆல்டர்னேட்டர் பின்னாடியே இருக்கும், செகண்ட்ஸ்ல இன்ஜின் வாங்குறப்ப ஆல்டர்னேட்டரைக் கழட்டிட்டுக் குடுத்தா அதுவும் போச்சு. பூஸ்டர் வேலை செய்யலைன்னா பெடல் கல்லு மாதிரி இறுகிரும், லோடோட ஆண்டிபட்டி கணவாய் இறங்குறப்ப என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஓஸ் பைப்பு வரைக்கும் முழுசா கேட்டு வாங்குங்க.

கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுல டீசல் அடிக்கிற சிஆர்டிஐ இன்ஜின்னா ஈசியூ (அந்த கம்ப்யூட்டர் பெட்டி), வயரிங், சென்சார்னு இன்னும் இழுக்கும், வேண்டவே வேண்டாம்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வண்டியை மாத்துறதைக் கட்டுப்படுத்துது, அதனால வேற கம்பெனி இன்ஜினுக்கு அனுமதி கிடைக்குமான்னு ஆர்டிஓகிட்ட முன்கூட்டியே கேட்டுக்கங்க, கிடைச்சா ஆர்சில புது இன்ஜின் நம்பரை ஏத்தணும், அந்த இன்ஜினுக்கு பில்லு இல்லாம காசு குடுத்துறாதீங்க.