சின்னக் குளியலறை, புது வேனிட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் குளியலறை 5 அடிக்கு 7 அடி. பழைய வேனிட்டியின் (பேசினுக்கு அடியில் வரும் அலமாரி) அடிப்பலகை ஊறிப் பொங்கிவிட்டது. 30 அங்குல அகலத்தில், இரண்டு டிராயர் வைத்த புதிய வேனிட்டி வாங்க நினைக்கிறோம். வாங்குமுன் எதையெல்லாம் அளக்க வேண்டும்?

பதில்: எல்லோரும் அகலத்தை அளக்கிறார்கள். சின்னக் குளியலறையில் இடைஞ்சல் தருவது ஆழம். பொதுவாகக் கிடைக்கும் வேனிட்டிகளின் ஆழம் 18 முதல் 21 அங்குலம். டிராயரை முழுக்க இழுத்தால் அதற்கு முன்னால் இன்னும் 15 அங்குலமாவது நீளும். நீங்கள் அதற்கும் பின்னால் நிற்க வேண்டும். வேனிட்டிக்கு முன்னால் 24 அங்குலம் காலியாக இருப்பது குறைந்தபட்சம், 30 இருந்தால் நிம்மதி. பக்கத்தில் கம்மோடு இருந்தால், அதன் நடுக்கோட்டிலிருந்து வேனிட்டியின் பக்கவாட்டுப் பலகைக்கு 15 அங்குலம் விடுங்கள். இல்லையென்றால் உட்காரும்போதெல்லாம் முழங்கை இடிக்கும்.

காகிதத்தில் கணக்குப் போடுவதோடு நிறுத்தாமல், வேனிட்டியின் அளவுக்கு ஒரு அட்டைப்பெட்டியை வெட்டி அந்த இடத்தில் வையுங்கள். கதவைத் திறந்து பாருங்கள், கம்மோடில் உட்கார்ந்து பாருங்கள், குனிந்து முகம் கழுவுவதுபோல் நில்லுங்கள். 18 அங்குல ஆழமுள்ளது போதும் என்று பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்தது சுவர். கழிவுநீர்க் குழாயின் வாய் தரையிலிருந்து எத்தனை அங்குல உயரத்தில் இருக்கிறது, ஆங்கிள் வால்வுகள் (குழாய்க்கு வரும் தண்ணீரைத் திறந்து மூடும் சின்ன வால்வுகள்) எங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பேசின் விளிம்பு தரையிலிருந்து 33 அங்குலம், பேசின் குழி 6 அங்குலம் என்று வைப்போம். அதற்குக் கீழே கப்ளிங்கும் (பேசினின் வடிகால் ஓட்டையில் மாட்டும் குழாய்த்துண்டு) பாட்டில் ட்ராப்பும் (நாற்றம் மேலே வராமல் கொஞ்சம் நீரைத் தேக்கி வைக்கும் புட்டி போன்ற பாகம்) தொங்கும். ட்ராப்பின் வெளிவாய் ஏறத்தாழ 20 அங்குல உயரத்தில் வரும். சுவரிலுள்ள வாய் இதைவிட உயரத்தில் இருந்தால் தண்ணீர் ஏறிப் போகாது, குழாயிலேயே தேங்கும். சற்றே கீழே இருந்தால் நல்லது. ரொம்பக் கீழே இருந்தால் குழாய் இரண்டாவது டிராயரின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். மேல் டிராயரில் ட்ராப்புக்காக 'ப' வடிவத்தில் வெட்டு இருக்க வேண்டும். அந்த வெட்டு உங்கள் குழாய்க்கு நேரே வருகிறதா என்று படத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே ஆர்டர் கொடுங்கள்.

இன்னொன்று. பழைய வேனிட்டிக்கு அடியில் டைல் ஒட்டாமல் விட்டிருப்பது சகஜம். புதியது அகலத்திலோ ஆழத்திலோ சிறியதாக இருந்தால் அந்த மொட்டைத் தரை பல்லை இளிக்கும். டைல் மிச்சம் இருக்கிறதா என்று இப்போதே தேடி வையுங்கள்.

கேள்வி: கழற்றுவதை நாங்களே செய்யலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் ஆங்கிள் வால்வை மட்டும் நம்பாதீர்கள். பல வருடம் திருகாமல் கிடந்த வால்வு மூடினாலும் முழுக்க அடைக்காது; வற்புறுத்தினால் தண்டு உடையும். டாங்கிலிருந்து வரும் மெயின் வால்வை மூடி, குழாயைத் திறந்து தண்ணீரை வடியவிட்ட பிறகே கை வையுங்கள். இரண்டு ஆங்கிள் வால்வுகளையும் கனெக்ஷன் பைப்புகளையும் இந்தச் சாக்கில் மாற்றிவிடுங்கள். புதுப் பெட்டிக்குள் கையை நுழைத்து அவற்றை மாற்றுவது பெரும்பாடு. சுவரை ஒட்டியுள்ள பழைய சிலிக்கானை பிளேடால் முழு நீளத்துக்கும் கீறாமல் வேனிட்டியை இழுத்தால் டைலும் சேர்ந்து பெயர்ந்து வரும். கழற்றியதும் கழிவு வாயில் துணியைச் சுருட்டி அடையுங்கள். திருகாணி உள்ளே விழாது, நாற்றமும் வராது.

கேள்வி: புதிய பேசினை மாட்டி இரண்டே நாளில் அடியில் சொட்டுகிறது. கப்ளிங்கை எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லை.

பதில்: கப்ளிங்கின் பக்கவாட்டில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். வேஸ்ட் கப்ளிங்கில் இரண்டு வகை. மேலே ஓவர்ஃப்ளோ ஓட்டை (நீர் நிரம்பி வழியாமல் இறங்கிப் போகும் ஓட்டை) உள்ள பேசினுக்குத் துளையுள்ள கப்ளிங் வேண்டும். அந்த ஓட்டை வழியே இறங்கும் நீர் அத்துளையில்தான் சேரும். ஓட்டை இல்லாத பேசினுக்கு, அதாவது மேடைமேல் வைக்கும் பல கிண்ண பேசின்களுக்கு, துளையில்லாத கப்ளிங். இதை மாற்றிப் போட்டால் மரையின் வழியே நீர் கசியும், இறுக்க இறுக்க பீங்கானில்தான் விரிசல் விடும்.

வகை சரியாக இருந்தால் வாஷர் மடங்கியிருக்கலாம். கழற்றித் துடைத்து மறுபடி பொருத்துங்கள். பேசினை விளிம்புவரை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் உலர்ந்த டிஷ்யூவைச் சுற்றிப் பாருங்கள். எந்த இணைப்பில் ஈரம் படிகிறதோ அங்கேதான் கசிவு. குழாயை லேசாகத் திறந்துவிட்டுச் சோதித்தால் இது தெரியாது.

நெளிவு நெளிவான வேஸ்ட் பைப்பைத் தரை ஓட்டையில் சொருகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். நெளிவுகளில் தலைமுடியும் சோப்பு அழுக்கும் தங்கும். ட்ராப்பில் நீர் தேங்காத இடத்தில் சாக்கடை நாற்றமும் கரப்பானும் நேரே மேலே வரும்.

கேள்வி: எம்.டி.எஃப்., ப்ளைவுட், பி.வி.சி. போர்டு... எது?

பதில்: எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம். மேலே பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும், குழாய்க்காக வெட்டிய ஓட்டையின் ஓரம் வழியே ஈரம் ஏறும். பி.வி.சி. போர்டு ஊறாது, ஆனால் திருகைப் பிடிக்கும் வலு குறைவு. கீல்கள் நாளடைவில் ஆட்டம் காணும். பாய்லிங் வாட்டர்ப்ரூஃப் ப்ளைவுட் என் தேர்வு. எதுவானாலும் வெட்டு ஓரங்களை எட்ஜ் பேண்டாலோ (ஓரத்தில் ஒட்டும் பட்டை) வார்னிஷாலோ அடைத்துவிடுங்கள். கீல்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

கேள்வி: வேனிட்டியைச் சிறிதாக்கினால் பொருட்களை எங்கே வைப்பது?

பதில்: சுவரில். கண்ணாடி வைத்த அலமாரி 4 முதல் 5 அங்குல ஆழம் இருந்தால் பற்பசை, ஷேவிங் சாமான், மருந்து எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். 6 அங்குலத்தைத் தாண்டினால் குனியும்போது நெற்றியில் இடிக்கும். கம்மோடு டாங்குக்கு மேலே 8 அங்குல ஆழத் தட்டில் துண்டுகளை அடுக்கலாம். டாங்கின் மூடியைக் கழற்றி எடுக்கும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். வேனிட்டிக்குள், ட்ராப்பின் இருபுறமும் குறுகலான கூடைகள் போதும். குறுக்கே ஒரு தட்டு அடித்தால், ட்ராப் அடைக்கும் நாளில் அதைத்தான் முதலில் பெயர்க்க வேண்டியிருக்கும்.