பெயின்ட் அடித்த அன்று ராத்திரி வரும் இழுப்பு

கேள்வி: வயது 57. சூலூர் பக்கம் இருக்கிறோம். நூல் மில்லில் 30 வருஷம் ஃபிட்டராக இருந்தவன். நண்பரும் நானும் சேர்ந்து வீட்டு கார் ஷெட்டில் இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். அலுமினியத் தகடு, ரிவிட் வேலையெல்லாம் முடிந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஹார்டனர் கலந்த பி.யூ. (பாலியூரிதேன்) பெயின்ட்டை ஸ்ப்ரே கன்னில் அடிக்கிறேன். என்95 மாஸ்க் போட்டுக்கொள்வேன். அடிக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. கடைசி மூன்று தடவையும் அன்று ராத்திரி 1 மணி, 2 மணிக்கு இருமல், நெஞ்சு இறுக்கம், விசில் மாதிரி சத்தம். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடுகிறது. பால் குடித்தால் போதும் என்கிறார் கடைக்காரர். ஒரு இறக்கையும் வாலும் பாக்கி. கரி ஃபில்டர் மாஸ்க் வாங்கிப் போட்டு முடித்துவிடலாமுங்களா?

பதில்: வேண்டாமுங்க. மாஸ்க்கை மாற்றிக்கொண்டும் வேண்டாம். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லிவிட முடியாது என்றாலும், நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு அந்த ஹார்டனர் மேல்தான் சந்தேகம்.

பி.யூ. பெயின்ட்டின் ஹார்டனர் டின்னில் இருப்பது ஐசோசயனேட் வகை ரசாயனம். பெயின்ட்டைக் கல் மாதிரி இறுகவைப்பது அதுதான். உலகம் முழுக்க வேலையிடத்தில் வரும் ஆஸ்துமாவுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்றும் அதுதான். முதல் சில தடவை உடம்பு பேசாமல் இருக்கும். உள்ளுக்குள் எதிர்ப்புச் சக்தி அதை எதிரி என்று பதிந்துகொள்ளும். சிலருக்குச் சில வாரம், சிலருக்குச் சில வருஷம். பதிந்த பிறகு, மற்றவர்களை ஒன்றும் செய்யாத துளி அளவே மூச்சுக்குழாயைச் சுருங்கவைத்துவிடும். நெஞ்சு உடனே இறுகலாம். நாலு முதல் எட்டு மணி நேரம் கழித்தும் இறுகலாம். சாயங்காலம் கன்னைக் கழுவி வைத்துவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தவருக்கு ராத்திரி 1 மணிக்கு இழுப்பு வருவது இப்படித்தான். அடிக்கும்போது ஒன்றும் தெரியாததால் பெயின்ட் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பனி, ஏசி, ராத்திரி சாப்பிட்ட தயிர் என்று எல்லாவற்றின் மேலும் பழி போடுவார்கள்.

மில்லில் இருந்தவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வார லீவு முடிந்து வேலைக்கு வரும் முதல் நாளில், பஞ்சுத் தூசி பறக்கும் கார்டிங் பக்கம் நெஞ்சு அடைக்கிறது என்று சொன்னவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். அப்போதும் வெல்லக்கட்டியும் வாழைப்பழமும்தான் மருந்தாகச் சொன்னார்கள். வெல்லமும் பாலும் போவது இரைப்பைக்கு. நுரையீரலுக்கு அந்த வழி கிடையாது.

இனி மாஸ்க். என்95 தூசியைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. கரி ஃபில்டர் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஆனால் கரி தீர்ந்துபோனதை நாம் வாசனையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். உங்கள் மூக்குக்கு வருவது தின்னர் வாசனை. பி.யூ. ஹார்டனரில் இருக்கும் எச்.டி.ஐ. என்ற ஐசோசயனேட்டுக்கு அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர்கள் வகுத்த 8 மணி நேர வரம்பு, காற்றில் 100 கோடி பங்குக்கு 5 பங்கு. மூக்கால் அந்த அளவைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் முறையான பெயின்ட் பூத்தில் வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி போடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு ஷெட்டில் இருக்கும் கம்ப்ரசரிலிருந்து ஒரு குழாயை இழுத்து முகத்தில் மாட்டிவிடாதீர்கள். எண்ணெய் ஊற்றி ஓடும் கம்ப்ரசர் சூடேறினால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரலாம். உங்கள் உடம்பு இதை ஏற்கெனவே எதிரி என்று பதிந்திருந்தால், எவ்வளவு நல்ல முகமூடி போட்டாலும் அந்த வேலை பக்கமே போகக்கூடாது என்பதுதான் என் கருத்து.

பல வருஷத்துக்கு முன் கரூரில் பஸ் பாடி பெயின்ட் அடித்த ஒரு தம்பி என்னிடம் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. ராத்திரி படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கியதாகச் சொன்னார்; சட்டைக் காலருக்குள் நீல பெயின்ட் புள்ளிகள் அப்படியே இருந்தன. இழுப்பு ஆரம்பித்து இரண்டு வருஷம் அதே வேலையில் இருந்திருக்கிறார். வேலையை விட்ட பிறகும் இன்ஹேலர் அவரை விடவில்லை. சீக்கிரம் விலகினவர்களுக்குத் தேறும் வாய்ப்பு அதிகம். உங்களுக்கு வந்தது மூன்று தடவைதான். அந்த வாய்ப்பு இன்னும் உங்கள் கையில் இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இழுப்பு இருக்கும்போதே ஒரு நெஞ்சக மருத்துவரிடம் போய் ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுச் சோதனை எடுங்கள். இழுப்பு இல்லாத நாளில் அது சரியாக இருப்பதுபோலக் காட்டலாம். அதனால் ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்கி, காலையும் ராத்திரியும் ஊதி, நோட்டில் எழுதி வாருங்கள். சோதித்துப் பார்க்கலாம் என்று மறுபடி பெயின்ட் அடிக்காதீர்கள். இந்த வயதில் ராத்திரி மூச்சு முட்டினால் இதயத்தையும் பார்த்துவிட வேண்டும், ஈசிஜியும் எடுத்துவிடுங்கள். ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாத அளவு மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பாக்கி இறக்கையையும் வாலையும் கழற்றி, கோவையில் பூத்தும் காற்றுக்குழாய் முகமூடியும் வைத்திருக்கும் பெயின்ட் ஷாப்பில் கொடுங்கள். அதே ஷெட்டில் யாராவது ஒரு பையனைக் கூலிக்கு வைத்து அடிக்கச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் நெஞ்சுக்கு ஆகாதது அவன் நெஞ்சுக்கும் ஆகாது. நண்பருக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் இருமல் உண்டா என்று கேளுங்கள். பெயின்ட் முழுசாக இறுகும் முன் தேய்த்தால் அந்தத் தூசியிலும் ஐசோசயனேட் இருக்கும். கையைத் தின்னரில் கழுவும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள்; தோல் வழியாகவும் ஐசோசயனேட் உடம்பை உசுப்பிவிடலாம். அலுமினியத்துக்கு அடியில் மஞ்சள்-பச்சை பிரைமர் அடித்திருந்தால் அது குரோமேட்டாக இருக்கலாம். நாளடைவில் நுரையீரல் புற்றுநோய்க்கு வழிசெய்யும் பொருள் அது. அதைக் காய்ந்த நிலையில் தேய்க்கவே வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது ஹார்டனர் டின்னைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். லேபிளை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.