40 இலக்கப் பகா எண்: சான்றிதழுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: என்னிடம் உள்ள 40 இலக்க எண் 10,000 வரையிலான எந்தப் பகா எண்ணாலும் வகுபடவில்லை. ஃபெர்மா சோதனையிலும் தேறிவிட்டது. கட்டணம் கட்டினால் சான்றிதழும் காப்புரிமையும் வாங்கித் தருவதாகவும், பெரிய பரிசு கிடைக்கும் என்றும் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: அவருக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். வெறும் எண்ணுக்குக் காப்புரிமை கிடையாது. எலெக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க அமைப்பு பெரிய பகா எண்களுக்கு அறிவித்த பரிசுகளில் இன்னும் யாரும் வெல்லாததற்கு 10 கோடி இலக்கமாவது வேண்டும். 2024-ல் கண்டுபிடித்த உலகச் சாதனை எண்ணுக்கே 4,10,24,320 இலக்கங்கள்தான். 40 இலக்க எண்களிலோ ஏறக்குறைய 92-க்கு ஒன்று பகா எண். கணினி நொடிக்குள் புதிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடும். விலைக்கு யார் வாங்குவார்கள்?

சரி, உங்கள் எண் பகா எண்தானா? 10,000 வரை வகுத்துப் பார்த்தது போதாது. வர்க்கமூலம் வரை போவதென்றால், நொடிக்கு நூறு கோடி முறை வகுத்தாலும் நூற்றாண்டுகள் ஆகும். பள்ளிப் பாடம் இந்த ஒரு வழியோடு நின்றுவிடுகிறது. அடுத்த படியையும் அங்கேயே சொல்லிக் கொடுத்திருந்தால் இந்தத் தரகர்களுக்குப் பிழைப்பே இருக்காது.

ஃபெர்மா சோதனையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எண்ணில் ஒன்றைக் குறைத்து, 2-ஐ அத்தனை முறை பெருக்கி, அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். வராவிட்டால் அது பகு எண்; அதில் சந்தேகமில்லை. வந்துவிட்டால் மட்டும் நம்பிவிடாதீர்கள். 561-ஐப் பாருங்கள். 3 × 11 × 17 என்று உடைகிற எண் அது. ஆனாலும் 2-இன் 560-ஆம் அடுக்கை 561-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறது. 2-க்குப் பதில் 5, 7 என்று மாற்றிப் பார்த்தாலும் அதே கதைதான். இப்படிப்பட்ட கார்மைக்கேல் எண்களுக்கு முடிவே இல்லை என்று 1994-ல் நிரூபித்துவிட்டார்கள்.

மில்லர்–ராபின் சோதனை இதைப் பிடித்துவிடும். அது இறுதி மீதியோடு நிற்காமல் வழியில் வரும் மீதிகளையும் பார்க்கிறது. 560-இன் கால் பங்கு 140; 2-இன் 140-ஆம் அடுக்கை 561-ஆல் வகுத்தால் மீதி 67. அதை வர்க்கப்படுத்தினால் 4489, அதாவது 561 × 8 போக மீதி 1. ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்தால், வர்க்கப்படுத்தும்போது 1 தரும் மீதிகள் இரண்டுதான்: 1, அல்லது அந்த எண்ணில் ஒன்று குறைந்தது. 67 இரண்டுமே இல்லை. அப்புறம் 67-இல் ஒன்றைக் கழித்தால் 66. அதற்கும் 561-க்கும் பொதுவான காரணி 33. எண்ணே உடைந்துவிட்டது!

மில்லர்–ராபினை, 2-க்குப் பதில் குருட்டாம்போக்கில் எடுத்த வெவ்வேறு எண்களோடு 40 முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் பகு எண் தப்பிக்கும் வாய்ப்பு கால் பங்குக்கு மேல் போகாது. முழு நிரூபணமே வேண்டுமென்றால் பாரி ஜிபி என்ற இலவச மென்பொருளில் எண்ணைக் கொடுங்கள். 40 இலக்கம் அதற்கு ஒரு வேலையே இல்லை. நிரூபணத்தையும் அதிலேயே எடுத்துக்கொள்ளலாம். அதை யார் வேண்டுமானாலும் தம் கணினியில் சரிபார்க்கலாம், யாருடைய முத்திரையும் தேவையில்லை.

இன்னொன்று: அந்தத் தரகரிடம் காட்டிய எண்ணை, கணினியில் தகவலைப் பூட்டிவைக்கும் எந்த ரகசியச் சாவிக்கும் பயன்படுத்தாதீர்கள்.