கமெண்டில் கத்தினால் சீரியல் கதை மாறுமா?

கேள்வி: ராத்திரி 8 மணி சீரியல் ஒன்றை நானும் என் அத்தையும் மூன்று வருஷமாக விடாமல் பார்க்கிறோம். ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. இப்போது நாலு மாதமாகக் கதை ஒரே இடத்தில் நிற்கிறது. வில்லிக்கு எதிரான ஆதாரம் கதாநாயகி கைக்கு வருகிறது, மறுநாளே தொலைந்து போகிறது. செல்போன் வீடியோவை இன்னொருவருக்கு அனுப்பி வைக்கக்கூடத் தெரியாதவள் எப்படி வக்கீலானாள்? யூடியூப் ப்ரோமோவுக்குக் கீழே எல்லோரும் திட்டுகிறார்கள், நானும் தினமும் எழுதுகிறேன். ஒன்றும் மாறவில்லை. போதாக்குறைக்குப் போன வாரம் கைக்குழந்தையை வைத்து மாந்திரீகம் செய்வதாக ஒரு காட்சி. நான் வாய் திறந்தால் அத்தை, ‘பிடிக்கலைன்னா எந்திரிச்சுப் போ’ என்கிறார். பார்க்கிறவர்கள் கருத்துக்கு மதிப்பே இல்லையா? எங்கே சொன்னால் எடுபடும்? அந்த வில்லி எப்போதுதான் மாட்டுவாள்?

— ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம் (சீரியலின் பெயரை நாங்கள் நீக்கியிருக்கிறோம்)

பதில்: மதிப்பு இருக்கிறது. ஆனால் நீங்கள் திட்டிக்கொண்டே பார்க்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் உங்கள் கருத்து அடிபட்டுப் போகிறது. சேனலுக்கு முதலில் போய்ச் சேருவது நீங்கள் பார்த்தீர்கள் என்ற செய்திதான். ரசித்துப் பார்த்தீர்களா, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தீர்களா என்பது அதில் இருக்காது.

டிஆர்பி, அதாவது ஒரு நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற ரேட்டிங் கணக்கு, எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதிக் கோபம் தணியும். 2015 முதல் இந்தக் கணக்கை எடுப்பது பார்க் இந்தியா என்ற அமைப்பு. இந்தியாவில் டிவி உள்ள வீடுகள் 20 கோடிக்கு மேல். அதில் 55,000-க்கு மேற்பட்ட வீடுகளில் மட்டும் மீட்டர் வைத்திருக்கிறார்கள். சேனலின் ஒலியோடு நம் காதுக்குக் கேட்காத ஒரு குறியீடு கலந்து வரும். மீட்டர் அதைப் பிடித்து, எந்த சேனல் எத்தனை நிமிடம் ஓடியது என்று பதிவு செய்யும். அந்த வீட்டில் ஒவ்வொருவருக்கும் மீட்டரின் ரிமோட்டில் ஒரு பட்டன் உண்டு. யார் உட்கார்ந்து பார்க்கிறார்களோ அவர் தன் பட்டனை அழுத்த வேண்டும். எந்தெந்த வீட்டில் மீட்டர் இருக்கிறது என்பது ரகசியம்.

உங்கள் வீட்டில் அந்த மீட்டர் இல்லையென்றால், கசப்பாகத்தான் இருக்கும், நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் டிஆர்பியில் ஓர் இம்மியும் அசையாது. யூடியூப் பார்வைகளும் அந்தக் கணக்கில் வராது. ஆனால் மீட்டர் வைத்த வீடுகளில் இருப்பவர்களும் உங்களைப் போன்றவர்கள்தான். உங்களுக்கு அலுத்துப்போன இடத்தில் அவர்களுக்கும் அலுக்கும். அதனால்தான் ரேட்டிங் இறங்கினால் கதை திரும்புகிறது. கமெண்டைப் பார்த்துத் திரும்பியதுபோல் நமக்குத் தோன்றுகிறது.

இன்னொரு சங்கதி. ரேட்டிங் என்பது எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற தலைக்கணக்கு மட்டும் இல்லை, சராசரியாக ஒவ்வொரு நிமிடமும் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கணக்கு. கடைசி ஐந்து நிமிடம் மட்டும் எட்டிப் பார்க்கிறவரைவிட, முழு அரைமணியும் உட்காருகிறவர் அதிகமாக எண்ணப்படுகிறார். விளம்பர இடைவேளைக்கு முன்னால் ஒரு அதிர்ச்சி, கதவு திறக்கும் சத்தம், யாரோ ஒருவர் முகத்தில் ஃப்ரீஸ் என்று வைப்பதெல்லாம் உங்கள் கையை ரிமோட் பக்கம் போகவிடாமல் தடுக்கத்தான்.

‘எழுதி இத்தனை நாளாச்சே’ என்கிறீர்கள். நாட்கணக்கைப் பாருங்கள். மாதம் 1-ம் தேதி திங்கட்கிழமை என்று வையுங்கள். அன்று ஒளிபரப்பான காட்சி உங்களுக்குப் பிடிக்கவில்லை. ரேட்டிங் வாரம் சனியில் தொடங்கி வெள்ளியில் முடியும், அதாவது 5-ம் தேதி. அந்த வாரத்தின் எண்கள் கைக்கு வருவது அடுத்த வியாழன், 11-ம் தேதி. அதற்குப் பிறகு சேனல் ஆட்கள் கூடிப் பேசி, கதை இலாகாவிடம் சொல்லி, அவர்கள் ட்ராக்கை, அதாவது கதைப்போக்கை மாற்றி, சீன் எழுதி, நடிகர்களின் கால்ஷீட்டைப் பார்த்துப் படம்பிடித்து, எடிட்டிங், டப்பிங், பின்னணி இசை எல்லாம் முடிய வேண்டும். எடுத்து முடித்த எபிசோடுகளும் ஒரு வாரத்துக்குக் கிட்ட கையிருப்பில் இருக்கும். அவை ஓடித் தீர வேண்டும். எல்லாம் வேகமாக நடந்தாலும் மாற்றம் திரைக்கு வர அந்த மாதக் கடைசி ஆகிவிடும். இடையில் நீங்கள் எழுதும் இருபது கமெண்டும் ஏற்கெனவே எடுத்து முடித்த காட்சிகளைப் பற்றியவை. அவற்றை யாராலும் மாற்ற முடியாது.

எனவே கருத்துச் சொல்ல நல்ல சமயம், ஒரு ட்ராக் தொடங்கிய முதல் இரண்டு வாரம். புதுக் கதாபாத்திரம் நுழைந்தவுடன், ஒரு கல்யாணப் பேச்சு எடுத்தவுடன் சொன்னால், அடுத்து எழுதப்போகும் காட்சிகளில் அதற்கு இடம் உண்டு. நாலு மாதம் கழித்து, ‘முடிச்சுத் தொலைங்க’ என்பதை வைத்துக்கொண்டு கதை எழுதுகிறவர் என்ன செய்வார்?

எப்படி எழுத வேண்டும் என்றால், எந்தத் தேதி எபிசோட், எந்தக் காட்சி, உங்களுக்கு இடித்தது எது, அதற்குப் பதில் என்ன நடந்திருந்தால் நம்பியிருப்பீர்கள் என்று நாலு வரி. உங்கள் கடிதத்திலேயே அப்படி ஒரு வரி இருக்கிறது: வீடியோவை இன்னொருவருக்கு அனுப்பி வைக்கத் தெரியாதவள் எப்படி வக்கீல்? அதுதான் சரியான விமர்சனம். ஆதாரம் தொலைவதில் தவறில்லை; அதைத் தொலைக்க வில்லி உண்மையிலேயே புத்திசாலித்தனமாக ஏதாவது செய்திருக்க வேண்டும். கதாநாயகியை முட்டாளாக்கித் தொலைப்பது எழுதுகிறவரின் சோம்பல். இதை அப்படியே சேனலின் பெயருக்கும் தயாரிப்பு நிறுவனத்தின் பெயருக்கும் அனுப்புங்கள். தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் டைட்டிலிலேயே வரும். வெட்டி ஒட்டிய ஒரே வாசகத்தை இருநூறு பேர் போட்டால் அது ரசிகர் மன்ற வேலையாகத்தான் தெரியும்.

நடிகர்களின் பக்கத்தில் போய்த் திட்டாதீர்கள், முக்கியமாக வில்லியாக நடிப்பவரை. அவர் கைக்கு அன்றைய சீன் பேப்பர் வருவதே பெரும்பாலும் படப்பிடிப்புத் தளத்தில்தான். அடுத்த வாரம் தான் திருந்தப்போகிறோமா, ஜெயிலுக்குப் போகப்போகிறோமா என்பது அவருக்கே தெரியாது.

கருத்துச் சொல்லும் முன் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சீரியல் நேரடித் தமிழ்க் கதையா, ரீமேக்கா? ‘பாக்கியலட்சுமி’ வங்காள மொழியின் ‘ஸ்ரீமோயி’யிலிருந்து வந்தது. ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ இங்கிருந்து தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்திக்குப் போனது. ரீமேக் என்றால் பெரிய திருப்பங்கள் முன்கூட்டியே முடிவானவை. ‘அவனோடு சேர்த்து வைக்காதீர்கள்’ என்று நீங்கள் கெஞ்சினாலும், மூலக் கதையில் அங்கே ஜெயித்த திருப்பத்தை இங்கே கைவிட சேனலுக்கு மனம் வராது. அங்கே நீங்கள் பேசிப் பயன் உள்ளது கிளைக்கதைகளைப் பற்றித்தான்: கொழுந்தன், நாத்தனார், பக்கத்து வீடு.

இழுவை என்கிறீர்களே, அதையும் ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். எத்தனை வருஷம் ஓடுகிறது என்பதை வைத்து இழுவை என்று சொல்ல முடியாது. 2003 முதல் 2009 வரை 1500 எபிசோடுக்கு மேல் ஓடிய ‘கோலங்கள்’ தொடரை இன்றும் பிரியமாகப் பேசுகிறவர்கள் உண்டு. ஒரு நோட்டில் ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரே வரி எழுதுங்கள்: இன்று யாருக்கு என்ன புதிதாகத் தெரிந்தது, யார் என்ன முடிவெடுத்தார்? அழுதாள், முறைத்தான், சபதம் போட்டாள் என்பதெல்லாம் கணக்கில் சேராது. வாரத்துக்கு ஆறு எபிசோடில் மூன்று வரியாவது தேறினால் கதை நகர்கிறது. ஒன்றுதான் தேறியது என்றால் நீங்கள் சொல்வது சரி. கூடவே கடிகாரத்தையும் பாருங்கள். அரைமணி ஸ்லாட்டில் விளம்பரம் போகக் கதைக்கு மிஞ்சுவது 20, 22 நிமிடம். அதில் நேற்றைய காட்சியின் மறுஒளிபரப்பு எவ்வளவு, ஒரு வசனத்துக்கு வீட்டில் உள்ள ஏழு பேர் முகத்தையும் தனித்தனியே மூன்று முறை காட்டும் நேரம் எவ்வளவு என்று குறித்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

எல்லா இழுவைக்கும் எழுதுகிறவரே காரணமில்லை. முக்கியமான நடிகர் மாதத்தில் பாதி நாள்தான் கால்ஷீட் தந்திருப்பார். அவர் இல்லாத நாட்களில் சமையலறையில் மற்றவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். ‘அவர் சென்னைக்குப் போயிருக்கார்’ என்று வசனம் வந்தால் அதுதான் விஷயம். கல்யாணம், கோர்ட் தீர்ப்பு போன்ற பெரிய காட்சியைப் பண்டிகை வாரத்துக்கோ, இரண்டு சீரியல்களை இணைத்து ஓட்டும் மகா சங்கமத்துக்கோ தள்ளி வைப்பதும் உண்டு. சில சமயம் காரணம் யார் கையிலும் இருப்பதில்லை. ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானார். அந்தப் பாத்திரத்தைச் சுற்றியே கதை பின்னப்பட்டிருந்தது. பிறகு வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். பார்க்கிறவர்கள் பழையவரோடு ஒப்பிட்டது இயல்புதான். ஆனால் புதிதாக வந்தவரைத் திட்டியதில் நியாயம் இல்லை.

இனி அந்த மாந்திரீகக் காட்சி. இது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, புகார் கொடுக்கக்கூடிய விஷயம். கதை மெதுவாகப் போகிறது, நாயகி அசடு என்பதையெல்லாம் புகாராக எழுதினால் தள்ளுபடி ஆகிவிடும். ஆனால் 1994-ம் ஆண்டின் கேபிள் டிவி விதிகளில் நிகழ்ச்சி நெறிமுறை என்று ஒன்று இருக்கிறது. மூடநம்பிக்கையை ஊக்குவிப்பது, பெண்களை இழிவுபடுத்துவது, குழந்தைகளை இழிவுபடுத்துவது எல்லாம் அதில் தடை. வில்லி மாந்திரீகம் செய்து, அது பொய் என்று கதையே காட்டினால் உங்கள் வாதம் பலவீனம். மாந்திரீகம் பலித்தது, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது என்று காட்டியிருந்தால் பலம். அந்த வித்தியாசத்தைப் பார்த்துக்கொண்டு எழுதுங்கள்.

2021 ஜூனில் வந்த திருத்தத்தின்படி வழி இதுதான். முதலில் சேனலின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்துமூலம் புகார். சேனலின் இணையதளத்தில் முகவரி இருக்கும். நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம், காட்சி, எந்த விதிக்கு மாறானது என்பதை எழுதுங்கள். 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதற்கான சான்று தர வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 15 நாளுக்குள் அந்த சேனல் சேர்ந்திருக்கும் சுய ஒழுங்கு அமைப்புக்கு (சேனல்களே சேர்ந்து வைத்திருக்கும் அமைப்பு) மேல்முறையீடு; அவர்களுக்கு 60 நாள் அவகாசம். அதிலும் ஒத்துவரவில்லை என்றால் மத்திய அரசுக்கு. எளிதில் கோட்டைவிடக்கூடியது அந்த இரண்டாவது 15 நாளைத்தான். சேனலிலிருந்து பதில் வரும் என்று காத்திருந்தால் காலக்கெடு போய்விடும். காலண்டரில் குறித்து வையுங்கள். காட்சியைப் பார்த்த சூட்டோடு எழுதுங்கள், நாலு மாதம் ஆறவிடாதீர்கள்.

அத்தை விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம். எட்டு மணிக்கு அவர் கதை பார்க்க உட்காருகிறார், விமர்சனம் கேட்க அல்ல. உங்களுக்கு அலுத்துவிட்டது என்றால் திங்களும் சனியும் மட்டும் பாருங்கள். பல சீரியல்களில் சனிக்கிழமை முடிச்சுப் போடுவார்கள், திங்கட்கிழமை அவிழ்ப்பார்கள். நடுவில் நாலு நாளை விட்டாலும் பெரும்பாலும் ஒன்றும் குடிமுழுகாது. விட்டதை அத்தையிடம் கேளுங்கள். சொல்வதில் அவருக்கும் சந்தோஷம், சண்டைக்கும் வேலை இல்லை. அந்த நாலு நாளும் உங்கள் வீட்டு டிவியில் சீரியல் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதனால் சேனலைத் தண்டித்த திருப்தி மட்டும் கிடைக்காது.

வில்லி எப்போது மாட்டுவாள் என்று கேட்டீர்கள். அவளுக்குப் புதிதாக ஒரு கூட்டாளி வந்திருந்தால் இன்னும் பல மாதம் ஆகும். அவளுடைய அம்மாவோ, தொலைந்துபோன குழந்தையோ கதைக்குள் வந்தால் ஜெயில் கிடையாது, திருந்தப் போகிறாள். ஆனால் அதே சேனலில் வேறொரு புது சீரியலின் ப்ரோமோ ஓடி, கடைசியில் ‘இரவு 8 மணிக்கு’ என்று போட்டால், இரண்டு மூன்று வாரத்தில் போலீஸ் ஜீப் வந்துவிடும். சீரியலையே மதிய ஸ்லாட்டுக்குத் தள்ளிவிட்டால் மட்டும் சொல்ல முடியாது, அங்கே அவள் இன்னொரு வருஷம் ஓட்டினாலும் ஓட்டுவாள்.