ரியோ கடற்கரைக்குச் சேலையில் போகலாமா?

கேள்வி: சாவோ பாவ்லோவில் வேலை பார்க்கும் மகன், பிப்ரவரியில் எங்களை ரியோ டி ஜெனீரோவுக்கு அழைத்துப் போகிறான். எனக்கு 58 வயது, கணவருக்கு 63. அங்கே வழிப்பறி அதிகம் என்கிறார்களே? கடற்கரையில் சேலை கட்டினால் வேடிக்கை பார்ப்பார்களா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?
- ஈரோடு வாசகி

பதில்: ரியோவின் கோபகபானா கடற்கரையில் உங்கள் சேலையை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். நீச்சலுடையில் பாட்டிகளும் உலாவும் இடம் அது. அடுத்தவர் உடையை அளக்க அங்கே ஒருவருக்கும் பொழுதில்லை. ஆனால் நனைந்த சேலை காலைச் சுற்றும். அலையில் நிற்க ஆசையென்றால் சுடிதார் நல்லது.

வழிப்பறி பயம் பொய்யில்லை. நகை, பாஸ்போர்ட் எல்லாம் விடுதிப் பெட்டகத்தில் இருக்கட்டும். (தாலியைக் கழற்ற மனமில்லையா? மஞ்சள் கயிறு போதும்.) நாற்காலியும் குடையும் மணலிலேயே வாடகைக்குக் கிடைக்கும், அதற்கும் இளநீருக்கும் ஆகும் பணம் மட்டும் கையில் போதும். இருட்டிய பிறகு மணலில் இறங்காதீர்கள்.

திருடனைவிட எனக்குக் கடலிடம்தான் அச்சம். அங்கே அலைகளுக்கு நடுவே அமைதியாகத் தெரியும் பகுதிதான் பல சமயம் ஆளை உள்ளே இழுக்கும். சிவப்புக் கொடி பறந்தால் கணுக்கால் நனைவதோடு திரும்பிவிடுங்கள். உயிர்காப்பாளர் நிலையங்களுக்கு எண்கள் உண்டு. உள்ளூர்க்காரர்கள் 'போஸ்டோ 9' என்று அந்த எண்ணைச் சொல்லித்தான் இடம் குறிப்பார்கள். மகனைப் பிரிய நேர்ந்தால் எந்த எண்ணில் சந்திப்பது என்று முதலிலேயே பேசி வையுங்கள்.

மாலையில் கடலோரத்து ஆர்ப்பொவடோர் பாறைக்குப் போங்கள். சூரியன் மறைந்ததும் கூட்டம் கைதட்டும், நீங்களும் தட்டலாம். கிறிஸ்து சிலைக்கு நாள் குறித்து டிக்கெட் வாங்க அவசரப்படாதீர்கள். சிலை நிற்கும் கொர்கோவாடோ மலை 710 மீட்டர் உயரம்; மேகம் மூடினால் மேலே போய்ப் பார்க்க ஒன்றும் இருக்காது. காலையில் அண்ணாந்து பார்த்து, வானம் தெளிந்திருந்தால் மலை ரயிலில் ஏறுங்கள்.

சாப்பாட்டுக்கு, தட்டை எடைபோட்டு விலை சொல்லும் உணவகங்களைத் தேடுங்கள். சோறும் காய்கறியும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். கறுப்பு பீன்ஸ் குழம்பை மட்டும் கேட்காமல் ஊற்றாதீர்கள், பன்றி இறைச்சி சேர்ப்பது சகஜம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பிரேசிலிலிருந்து இந்தியா திரும்புகிறவர்களிடம் அதன் சான்றிதழைக் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்தக்கூடும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 60 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால், உங்கள் கணவர் முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும். பயண டிக்கெட்டை அதற்குப் பிறகு போடுங்கள்.